அது வெயில் இல்லை, வெளிச்சம்

“பொட்டலம் மடிக்கிறதுக்கு எதுக்குடி நாலு வருசப் படிப்பு? எங்க ஊரு மருந்துக் கடைக்காரன் எட்டாவதுதான். அவன் மடிக்கலியா?”

நான் பி.ஃபார்ம் சேர்ந்த அன்று அப்பாவின் அக்கா கேட்ட கேள்வி இது. அத்தைக்குப் பண்ருட்டிப் பக்கம் வீடு. முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். அந்த விரலை நீட்டி அவள் ஒன்று கேட்டால் பதில் சொல்லாமல் நகர முடியாது.

“மாத்திரைக்குள்ள என்ன இருக்குன்னு படிப்போம் அத்தை.”

“மாத்திரைக்குள்ள மாத்திரைதான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அத்தை காபி குடிக்கப் போய்விட்டாள்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரிப் படியேறிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது, கேட்காதவர்களிடமும் சொல்வேன். பஸ்ஸில் கண்டக்டர் “எங்கம்மா?” என்று கேட்டால், ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் என்ன படிக்கிறேன் என்பதையும் சேர்த்தே சொல்லி டிக்கெட் வாங்கிய காலம் அது.

அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை அள்ளிப் போடும் வேலை. நெய்வேலியில் மனிதர்கள் இரண்டு வகை: பர்மனென்ட், கான்ட்ராக்ட். அப்பா கான்ட்ராக்ட். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும்கூட கான்ட்ராக்ட்தான் என்பது நான் பிளஸ் டூ படிக்கும்போது தெரியவந்தது. சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. அம்மா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள்.

கொடுத்தாள் என்பது சரியான சொல் இல்லை. குடிவைத்தாள் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அப்பா உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அம்மா மேற்பார்வை பார்த்தாள். அப்பா தண்ணீர் குடிக்க மறந்தால், “அது என் கிட்னி. காயப்போடாத” என்பாள். ஊறுகாய்ப் பக்கம் கை போனால், “உனக்கு வேணும்னா தின்னு. என் கிட்னிக்கு உப்பு ஆகாது” என்பாள். அப்பாவும் விடமாட்டார். சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து கண் கலங்கும்போது, “நான் அழல பாப்பா. உங்கம்மா கிட்னி அழுவுது. அது வந்ததுலேந்து எனக்கு சீரியல் பாக்கணும்னே தோணுது” என்பார்.

அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை ஒரு காரியம் செய்துவைத்தாள். தம்பி பிழைத்தால் பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பான் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாள். தம்பியைக் கேட்கவில்லை. அவர் மயக்கத்தில் இருந்தார் என்பது ஒரு காரணம். கேட்டிருந்தால் பேரம் பேசியிருப்பார் என்பது இன்னொரு காரணம். அப்பா கண் விழித்ததும் அவருக்குச் சொல்லப்பட்ட முதல் செய்தி அதுதான்.

உடம்பில் ஊசி குத்தக் கூடாது, கிருமி போகும் என்று டாக்டர் சொன்னதும், அத்தை நேராகக் கோயிலுக்குப் போய் அலகை ரத்து செய்துவிட்டு வந்தாள். “காவடி மட்டும் போதுமாம்” என்று, முருகனே ஆபீஸுக்குக் கூப்பிட்டுச் சொன்னது போலச் சொன்னாள். ஆனால் மேல்சட்டை கூடாது, தலையில் துணி கூடாது, செருப்பு கூடாது. அதில் மட்டும் முருகன் இறங்கி வரவில்லையாம்.

முதல் வருடம் அப்பாவுக்கு உடம்பில் தெம்பு இல்லை. அடுத்த வருடம் இருமல் பிடித்தது. விடாத இருமல். படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலில் பூஞ்சை என்றார்கள்.

“ரொட்டில பூக்குமே, அதுவா?” என்றார் அப்பா.

“ஊறுகாய் ஜாடில ஈரக் கரண்டிய போட்டா வருமே, அது” என்றாள் அம்மா. “என் கிட்னிகிட்ட வருமா?”

வேறொருவரின் சிறுநீரகத்தை உடம்பு எதிரி என்று நினைத்து அடிக்கப் பார்க்கும். அடிக்காமல் இருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மாத்திரை கொடுத்துத் தூங்கவைப்பார்கள். வாட்ச்மேன் தூங்கினால் கேட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம் அல்லவா? அப்படித்தான் பூஞ்சை வந்தது. அதை விரட்ட வோரிகோனசோல் என்ற மாத்திரை கொடுத்தார்கள். மருந்து வேலை செய்தது. இருமல் குறைந்தது. ஆனால் பூஞ்சை மறுபடி தலைகாட்டக் கூடாது என்பதால் மாத்திரை மாதக்கணக்கில் நீண்டது.

அந்த மாத்திரைக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் சிலருக்குக் கண்ணில் நிறங்கள் விளையாடும். அப்பாவுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. மாத்திரையைப் போட்டுவிட்டு, நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

“ட்யூப்லைட்ட சுத்தி மயில் தோகை வந்துகினு இருக்கு... இப்ப செவரு ஊதாவாவுது... அக்கா, நீ பச்சையா இருக்க.”

“நான் எங்கடா பச்சையா இருக்கேன்?” அத்தை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள்.

“பர்மனென்ட்காரன் வூட்ல பெரிய டிவி. எனக்கு மாத்திரை. என்னுதுலதான் கலர் அதிகம்” என்பார் அப்பா. டாக்டரிடம் சொல்லுங்கள் என்று நான் சொன்னதற்கு, “சொன்னா நிறுத்திடுவாங்க” என்றார். நானே போனில் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் போய்விடும், அந்த நேரம் வண்டி ஓட்டாமல் இருந்தால் போதும் என்றார்கள்.

அப்போது நான் கல்லூரியில் மூன்றாம் வருடம். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை, பெரும்பாலோர் பெட்டியோடு தூக்கிப் போடும் அந்தக் காகிதத்தை, விரித்துப் படிக்கிற புத்தி அதற்குள் எனக்கு வந்திருந்தது. வெயிலில் போகக் கூடாது என்று அதில் இருந்தது. மருந்தியல் எடுக்கும் பேராசிரியையிடம் கேட்டேன். அவர் இன்னும் விவரமாகச் சொன்னார். இந்த மாத்திரை தோலை வெயிலுக்கு இளகவைத்துவிடும். அதோடு எதிர்ப்புச் சக்தியும் தூங்கிக்கொண்டிருக்கிறது. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் இதை நீண்ட காலம் சாப்பிட்டு, வெயிலிலும் திரிந்தால், தோலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. எல்லோருக்கும் வருவதில்லை. கறுத்த தோல் கொஞ்சம் காவல்தான், ஆனால் கொஞ்சம்தான். பயந்துபோய் மாத்திரையை நாமாக நிறுத்தினால் பூஞ்சை திரும்பிவிடும். அதனால் மாத்திரையை விடக் கூடாது, வெயிலை விட வேண்டும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

“டாக்டரம்மாவும் ஒவ்வொரு தடவையும் இதைத்தான் கேக்குறாங்க. வெயில்ல போறீங்களான்னு. நான் போறதே இல்லன்னு சொல்லிட்டேன்” என்றார்.

அப்பா அப்போது சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தார். ஸ்டாண்டுக்குத் தகரக் கூரை உண்டு. கூரைக்குக் கீழே வேகிறது என்று அப்பா நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக்கொள்வார். காலையிலிருந்து மத்தியானம் வரை அங்கேதான்.

“அப்பா, நீங்க உக்காந்திருக்கிறதே வெயில்லதான்.”

“எது, இதா?” அப்பா வானத்தை அண்ணாந்து பார்த்தார். உண்மையாகவே தேடினார். “இது வெயில் இல்ல பாப்பா, வெளிச்சம். கத்திரி பொறக்கட்டும், அப்ப வரும் பாரு வெயிலு. மைன்ஸுக்குள்ள எறங்கி ஒரு நாள் நின்னவன் இத வெயில்னு சொல்லுவானா?”

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சித்திரை அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் வருவது எதுவும் வெயில் கணக்கில் வராது. காலையில் அடிப்பது இளவெயில், உடம்புக்கு நல்லது. சாயங்காலம் அடிப்பது மஞ்சள் வெயில். பெண் பார்க்க நல்லது. மார்கழியில் அடிப்பது வெயிலே இல்லை. மரத்தடியில் நின்றால் நிழல், மரத்தில் இலை இல்லாவிட்டாலும். ஆகவே சென்னையில் இருக்கும் டாக்டர் “வெயில்ல போறீங்களா?” என்று கேட்கும்போதெல்லாம் அப்பா சத்தியமாக “இல்லீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரும் நம்பிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் முகமும் கையும் கறுத்து, தோல் உரிந்து, உதடு வெடித்திருந்தது. அதன் பிறகு ஒரு நாள் வலது காதின் மேல்விளிம்பில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சொரசொரப்பைப் பார்த்தேன். செதில் செதிலாக இருந்தது. உரித்தால் லேசாக ரத்தம் வந்தது. ஆறியது போலக் காய்ந்து மறுபடி வந்தது.

“முடிவெட்டறவன் கத்தி பட்டுடுச்சு.”

முடிவெட்டுபவரைப் போய்க் கேட்டேன். “உங்கப்பா என்கிட்ட வந்தே ரெண்டு மாசம் ஆவுது. அம்மாதான் வூட்ல வெட்டி வுடறதா சொன்னாரு” என்றார். அம்மாவைக் கேட்டேன். “நான் வெட்டினா காதே இருக்காது. வெறும் பருப்பா வரும்?” என்றாள்.

எனக்குப் பயம் வந்தது. சொன்னேன். கெஞ்சினேன். திட்டினேன். “ஆறாத புண்ண வெச்சிகினு சால்ஜாப்பு சொல்லக் கூடாது. திங்கக்கெழம மொத வேலையா டாக்டர்கிட்ட காட்டணும்” என்ற வாக்கியத்தைக் காலையில் ஒரு தரம், மத்தியானம் போனில் ஒரு தரம், சாப்பாட்டுக்குப் பின் ஒரு தரம் என்று மாத்திரை மாதிரி கொடுத்தேன். அப்பா “காவடி முடியட்டும்” என்றார். டாக்டரிடம் போனால் காவடி கூடாது என்று சொல்லிவிடுவார்கள், அக்கா மனசு தாங்காது என்பது அவர் கணக்கு.

அத்தை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். “சாமி ரெண்டு வருசமா பொறுத்துகினு இருக்கு. இந்த வருசமும் தள்ளிப்போட்டா யாரு பதில் சொல்றது, நீயா?”

“பங்குனி வெயில்ல வெத்து உடம்போட நடந்தா அப்பாவுக்கு ஆபத்து அத்தை. காதுல இருக்கறது என்னன்னே தெரியல.”

“நீ என்ன டாக்டரா?”

“இல்ல.”

“அப்ப?”

பேராசிரியையிடம் போய் அழுதேன். அவர் வெயில் தடுப்புக் களிம்பு பூசச் சொன்னார். பூசினால் கண்ணுக்குத் தெரியாத வகையும் கடையில் உண்டு. நான் வாங்கியது ஜிங்க் ஆக்சைடு மிகுந்த வகை. அது தோலுக்குள் போகாது. சுவருக்கு வெள்ளையடித்தது போல மேலேயே நிற்கும். அது நிற்பதுதானே எனக்கு வேண்டும்.

“இந்த வயசுல வெள்ளையாயி யாருக்கு மாப்பிள்ளையாவப் போறேன்?” என்றார் அப்பா, ட்யூபைப் பார்த்து.

“சட்டை கூடாது, துணி கூடாது, செருப்பு கூடாது. கிரீம் கூடாதுன்னு முருகன் சொன்னாரா அத்தை?” என்றேன்.

அத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். வேண்டுதலில் கிரீம் பற்றிப் பேச்சே வரவில்லை. “பொம்பளைங்க பூசறத பூசிகினு ஆம்பள காவடி எடுக்கறானாம்” என்று முணுமுணுத்தாள். அம்மா தீர்ப்புச் சொன்னாள்: “என் கிட்னி வெயில்ல நடக்குது. பூசித்தான் ஆவணும்.”

பங்குனி உத்திரத்தன்று காலையில் அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்து நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பூசினோம். நெற்றி, மூக்கு, கழுத்து, முதுகு, மார்பு, தோள், கை, பாதத்தின் மேல்பக்கம். காதுக்கு மட்டும் இரண்டு பூச்சு. முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது, மஞ்சள் வேட்டி கட்டிய ஒரு சுண்ணாம்புச் சிலை எங்களைப் பார்த்து முழித்தது. மயில் தோகை வைத்த சிறிய காவடியைத் தோளில் ஏற்றினோம். தோகையின் நிழல் காதில் விழும்படி அதை வலது பக்கமாகச் சாய்த்துக் கட்டினேன். காவடி கோணலாக இருக்கிறது என்று அத்தை நிமிர்த்தினாள். நான் சாய்த்தேன். கோயில் வரைக்கும் இதே வேலையாகத்தான் நாங்கள் இருவரும் நடந்தோம்.

டவுன்ஷிப் சாலையில் மரங்கள் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. மெயின் ரோட்டில் ஏறியதும் கூட்டம். இரண்டு பக்கமும் ஜனம். மற்ற காவடிக்காரர்கள் நெற்றியில் மூன்று கோடு விபூதி வைத்திருந்தார்கள். எங்கள் அப்பா உச்சியிலிருந்து பாதம் வரை வெள்ளை. வியர்வையில் களிம்பு இன்னும் பளபளத்தது.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் முதலில் வந்தார். அப்பாவின் முழங்கையில் விரலால் வழித்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். குழந்தைக்கும் இட்டார். முகர்ந்து பார்த்து, “எவ்ளோ வாசனையான விபூதி!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அக்கா, அது வந்து...” என்றேன்.

“ஏம்மா, சாமிய தொட்டா தப்பா?”

“தப்பில்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பூசணும்” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் பயபக்தியோடு தலையாட்டினார்.

அதற்குப் பிறகு கூட்டத்தைத் தடுக்க முடியவில்லை. ஆளாளுக்கு அப்பாவை வழித்தார்கள். வழித்த இடத்தில் நான் ட்யூபைப் பிதுக்கி மறுபடி பூசினேன். எதையோ எடுத்து எடுத்து நான் சாமிக்குச் சாத்துவதைப் பார்த்து, எனக்கும் இரண்டு பேர் கும்பிடு போட்டார்கள். அத்தை முதலில் திகைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். பால்சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, “தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க, ஒவ்வொருத்தரா வாங்க” என்று வரிசை கட்ட ஆரம்பித்தாள்.

ஓர் அம்மாள் அப்பாவின் காலில் விழுந்தார். “சாமி, என் புள்ள பத்து வருசமா கான்ட்ராக்ட்ல இருக்கான். எப்ப பர்மனென்ட் ஆவான்?”

அப்பா என்னைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அவரிடமே கேட்டால் பாவம் என்ன செய்வார்?

“ஆவான், ஆவான்” என்றார். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அந்த அம்மாள் காத்திருந்தார். அப்பாவுக்கு அப்போது தெரிந்திருந்த உபதேசம் ஒன்றே ஒன்றுதான். “வெயில்ல மட்டும் நிக்க வேணாம்.”

“சாமி வெயில்ல நிக்க வேணாங்குது!” என்று அந்த அம்மாள் திரும்பிக் கத்தினார்.

பின்னால் டப் டப்பென்று குடைகள் விரிந்தன. குடை இல்லாதவர்கள் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் மோர்ப் பந்தலிலிருந்து ஓலைத் தட்டியைப் பிடுங்கிவந்து குடும்பத்தோடு அதற்குள் நுழைந்தார். நான் ட்யூபும் கையுமாக நின்றேன். பங்குனி மாதத்தில் அடிப்பதை அப்பா வெயில் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

இன்னொரு பெண் முண்டியடித்து வந்தார். “சாமி, எங்க வூட்டுக்காரருக்கு கால்ல புண்ணு. ஆறவே மாட்டேங்குது. என்னா பண்றது?”

அப்பா யோசிக்கவே இல்லை. காலை, மத்தியானம், இரவு என்று கேட்டு மனப்பாடமாகிப்போனது, என் குரலின் ஏற்ற இறக்கத்தோடு, கடைசியில் நான் மூச்சு வாங்கும் இடத்தோடு, அப்படியே வந்தது.

“ஆறாத புண்ண வெச்சிகினு சால்ஜாப்பு சொல்லக் கூடாது. திங்கக்கெழம மொத வேலையா டாக்டர்கிட்ட காட்டணும்.”

அந்தப் பெண் கும்பிட்டுவிட்டுப் போனார். அத்தை போகவில்லை. பால்சொம்போடு அப்படியே நின்று, தம்பியின் வலது காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவடி இறக்கி, பால் ஊற்றி, நிழலில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

“தம்பி, காத காட்டு.”

“ஒண்ணுமில்லக்கா.”

“சாமி உன் வாயால சொல்லிச்சு. ஆறாத புண்ண வெச்சிகினு சால்ஜாப்பு சொல்லக் கூடாதுன்னு.”

“அது சாமி இல்லக்கா. பாப்பா டெய்லி சொல்றது. வாயில வந்துடுச்சு.”

“பாப்பா வாயில ஒருக்கா வந்துச்சு, நீ கேக்கல. அப்புறம் உன் வாயிலயே வந்துச்சு. இதுக்கு மேல சாமி என்னாடா பண்ணும், எஸ்.எம்.எஸ். அனுப்புமா?”

அப்பா உதவிக்கு அம்மாவைப் பார்த்தார். அம்மா, “காது உன்னுது. ஆனா ரத்தம் என் கிட்னி வழியாத்தான் போவுது” என்றாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அத்தை பண்ருட்டியிலிருந்து வந்து இறங்கினாள், அப்பாவைக் கூட்டிப்போக. முந்திரி உடைக்கும் வேலைக்கு லீவு போட்டு அவள் வந்த இரண்டாவது தடவை அது. முதல் தடவை அறுவை சிகிச்சை.

சென்னையில் டாக்டரம்மா வழக்கம்போலக் கேட்டார். “வெயில்ல போறீங்களா?”

“இல்லீங்க மேடம்” என்றார் அப்பா, வழக்கம்போல.

நான் பின்னால் நின்றிருந்தேன். “அப்பா, காலையில பத்து மணிக்கு எங்க இருப்பீங்க?” என்றேன்.

“ஸ்டாண்டுல.”

“ஸ்டாண்டுல எங்க?”

“நாற்காலில.”

“நாற்காலி எங்க?”

“வெளில.”

“வெயில்லயா?”

“வெளிச்சத்துல” என்றார் அப்பா.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். எழுந்து வந்து காதைப் பார்த்தார். அன்றே தோல் டாக்டரிடம் அனுப்பினார். அவர் மரத்துப்போக ஊசி போட்டு அந்தப் பருப்பை முழுசாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வரும்வரை இருந்த நாட்களைப் பற்றி எழுத வேடிக்கையாக எதுவும் இல்லை. அப்பா மாத்திரை போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். என்ன நிறம் என்று சொல்லவில்லை. அம்மா ஒரு தடவைகூட என் கிட்னி என்று சொல்லவில்லை. நான் புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று வாழ்க்கையில் முதல்முறை நினைத்தேன். அடுத்த நிமிடமே, படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் அதைப் பருப்பு என்றே நினைத்திருப்போம் என்றும் நினைத்தேன்.

முடிவைக் கேட்க அத்தையும் எங்களோடு சென்னைக்கு வந்தாள். புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டிருந்தால் அந்தப் பக்கமாகப் போகக்கூடிய வகை. எடுத்தாகிவிட்டது, இனி தோலை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். நுரையீரல் படமும் சுத்தமாக இருந்ததால் டாக்டரம்மா அந்த மாத்திரையை நிறுத்தினார். எதிர்ப்புச் சக்தியைத் தூங்கவைக்கும் கிட்னி மாத்திரையின் அளவையும் மாற்றினார். பூஞ்சை மாத்திரை கூட இருக்கும்போது கிட்னி மாத்திரை ரத்தத்தில் ஏறி நிற்கும். அது போனால் இது இறங்கிவிடும். அவர் சொல்லி முடிப்பதற்குள், “அப்ப ரத்தத்துல அளவு பாத்துகினே இருக்கணும் இல்லையா மேடம்?” என்று நான் கேட்டுவிட்டேன். அவசரத்தில் எங்கள் ஊர்ப் பேச்சே வந்துவிட்டது.

“என்ன படிக்கிற?” என்றார், பேனாவைக் கீழே வைத்துவிட்டு.

இந்தக் கேள்விக்குத்தானே மூன்று வருடமாக ஒவ்வொரு கண்டக்டரிடமும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னேன்.

“நான் கேட்ட கேள்வி சரி. ஆனா அவருக்கு அது புரிஞ்ச விதம் வேற. நீ கேட்ட மாதிரி கேக்க எனக்கு வார்டுல ஆள் வேணும். மேல படி” என்றார்.

வெளியே வந்ததும் அத்தை, “டாக்டரம்மா பேனாவ கீழ வெச்சிட்டு கேட்டாங்கடி” என்றாள். பஸ்ஸில் பண்ருட்டி வரை பக்கத்து சீட்டுக்காரர்களிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். பொட்டலம் என்ற சொல் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்கவில்லை.

அப்பாவுக்கு மட்டும் ஒரு குறை. “ட்யூப்லைட்டு வெறும் ட்யூப்லைட்டாவே இருக்கு பாப்பா” என்றார். நாற்காலி இப்போது கூரைக்கு உள்ளே இருக்கிறது. வெளியே போனால் முழுக்கை சட்டையும், அம்மாவின் பூப்போட்ட குடையும். ஆம்பளைக்கு எதற்குப் பூப்போட்ட குடை என்று யாராவது கேட்டால், “என்னுது இல்ல, கிட்னியோட குடை” என்கிறார். மறு வருடப் பங்குனி உத்திரத்துக்கு, நிஜமாகவே வெயில் தடுப்புக் களிம்பு பூசிக்கொண்டு நான்கைந்து பேர் காவடி எடுத்தார்கள். அது என்ன விபூதி, எந்தக் கடையில் கிடைக்கும் என்று அத்தையிடம் விசாரித்து வாங்கியிருக்கிறார்கள்.

பி.ஃபார்ம் முடித்தேன். நோயாளிகளின் அருகிலிருந்து மருந்துகளைக் கவனிக்கும் மேல்படிப்பில் சேர்ந்துவிட்டேன். ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் அப்பா அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று கையாட்டினார். கண்டக்டர் “எங்கம்மா?” என்று கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே இருந்து அப்பா என் படிப்பை முழுசாகச் சொன்னார்.

போன வாரம் எனக்கு வார்டில் முதல் நாள். சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒரு பெரியவர். மேசையில் அதே மாத்திரை. மீன் வியாபாரம் செய்பவர். வெயிலில் போவீர்களா என்று நான் கேட்கவில்லை.

“காலையில பத்து மணிக்கு எங்கய்யா இருப்பீங்க?” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்மா, நீ டாக்டரா?”

“இல்லீங்கய்யா” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய காதைப் பார்க்க ஆரம்பித்தேன்.